தலைவலி என்று முதலில் சொன்னவர் யார்?

பிரசவத்தில் ஒரு பெண் இறந்தால் தமிழ்நாட்டில் அதை அப்படியே விட்டுவிடுவதில்லை. சுகாதாரத் துறையினர் வீட்டுக்கே வருகிறார்கள். தலைவலிக்கிறது என்று எப்போது சொன்னார், முகம் வீங்கியதைப் பார்த்தது யார், வண்டி எத்தனை மணிக்கு வந்தது, முதலில் போன ஆஸ்பத்திரியில் என்ன சொல்லி அனுப்பினார்கள் என்றெல்லாம் தாயாரிடமும் கணவரிடமும் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். மாவட்ட ஆட்சியர் நடத்தும் தணிக்கைக் கூட்டத்துக்கு உறவினர்களை வரவழைக்கவும் தேசிய வழிகாட்டு நெறிமுறையில் இடமிருக்கிறது.

இந்தத் தணிக்கையை நாட்டிலேயே முன்னதாகத் தொடங்கிய மாநிலங்களுள் ஒன்று தமிழ்நாடு. பலனும் கிடைத்திருக்கிறது. 2019-21 மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு இந்தியாவில் 93 தாய்மார்கள் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 49 பேர். அதே கணக்கில் கேரளத்தின் எண்ணிக்கை 20. போக வேண்டிய தூரம் இன்னும் இருக்கிறது.

அந்தத் தூரத்தைக் கடக்கத்தான் 'முன்கூட்டியே கண்டறிதல்' என்ற ஆராய்ச்சிகள் இப்போது பெருகுகின்றன. ரத்தத்தில் ஒரு புரதத்தை அளந்து ஆபத்தைச் சொல்லும் பரிசோதனை, ஸ்கேன் படத்தைப் படிக்கும் செயற்கை நுண்ணறிவு, கையடக்க பிரஷர் கருவி என ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கின்றன. எல்லாவற்றுக்கும் கர்ப்பிணிகளின் ரத்தம் வேண்டும், சிறுநீர் வேண்டும், கையெழுத்து வேண்டும். அவர்களுடைய யோசனை வேண்டும் என்று கேட்கும் ஆய்வுகள் நம் நாட்டில் அரிது. இறந்த பிறகு வீடு தேடி வந்து கேட்கிற கேள்விகளை, உயிரோடு இருக்கும் தாய்மார்களிடம் ஆராய்ச்சி தொடங்கும் முன்பே ஏன் கேட்கக் கூடாது?

மசக்கை என்று தள்ளிவிடப்பட்டது

கேட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு கதை உண்டு. மார்லீனா ஃபெய்ஸோ ஒரு மரபணு ஆராய்ச்சியாளர். 1999-இல் இரண்டாவது முறை கருவுற்றபோது அவரால் ஒரு வாய் தண்ணீர்கூட உள்ளே நிறுத்த முடியவில்லை. நம் ஊரில் மசக்கை என்று சொல்லும் வாந்தி அல்ல இது. எழுந்து உட்காரவும் விடாத கடும் வாந்தி. நூறு கர்ப்பிணிகளில் ஒருவர், இருவருக்கு இப்படி வருவதுண்டு. அவர் மிகைப்படுத்துகிறார் என்றே மருத்துவர் நினைத்தார். 15ஆவது வாரத்தில் கரு கலைந்தது.

அதன் பிறகு ஃபெய்ஸோ இதையே தன் ஆராய்ச்சியாக்கிக்கொண்டார். அரசு நிதிக்கு விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. இதே துன்பத்தை அனுபவித்த பெண்களின் அமைப்பு ஒன்றோடு சேர்ந்து அவர்களிடமிருந்தே எச்சில் மாதிரிகளைச் சேகரித்தார். பிறகு 23அண்ட்மீ என்ற மரபணுப் பரிசோதனை நிறுவனத்தை அணுகி, வாடிக்கையாளர்களிடம் கேட்கும் கேள்விப் பட்டியலில் கர்ப்பகால வாந்தி பற்றிய கேள்விகளையும் சேர்க்க வைத்தார். கேள்வி சேர்ந்ததும் விடை வந்தது. ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோனுக்கும் இந்த வாந்திக்கும் தொடர்பு இருப்பதை 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. கர்ப்பத்துக்கு முன்பு உடலில் இந்த ஹார்மோன் குறைவாக இருந்த பெண்களை, கருவுற்றதும் அது திடீரென ஏறும்போது கடுமையாகத் தாக்குகிறது என்பதை 2023 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் வெளிவந்த கட்டுரை விளக்கியது. யாருக்கு வரும் என்று முன்பே கணிக்கவும், வராமல் தடுக்கவும் இப்போது ஒரு வழி தெரிகிறது.

ஃபெய்ஸோ விஞ்ஞானியாகவும் இருந்ததால் அந்தக் கேள்வி பிழைத்தது. அதே வாந்தியோடு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிக்கொண்டு வீடு திரும்பிய லட்சக்கணக்கான பெண்களிடமும் அந்தக் கேள்வி இருந்திருக்கும். கேட்க ஆள் இல்லை.

வீக்கமும் தலைவலியும்

கர்ப்பகாலச் சிக்கல்களில் மிகவும் ஏமாற்றுவது பிரீஎக்லாம்ப்சியா. 20 வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் போய், சிறுநீரகம், கல்லீரல், மூளை என ஒவ்வொன்றாகப் பாதிக்கும். முற்றினால் வலிப்பு வரும். பழைய தலைமுறை ஜன்னி என்று சொன்ன பல பிரசவ மரணங்கள் இதுவாக இருந்திருக்கலாம். உலகம் முழுவதும் ஆண்டுக்கு ஏறக்குறைய 46,000 தாய்மார்கள் இதனால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. வயிற்றிலும் பிறந்தவுடனும் இறக்கும் குழந்தைகள் சுமார் 5 லட்சம்.

இதன் அறிகுறிகள் சாதாரணக் கர்ப்பத்தின் தொந்தரவுகளைப் போலவே இருக்கும். கால் வீங்கினால், 'நீர் இறங்கியிருக்கு, எல்லோருக்கும் வர்றதுதான்' என்பார்கள். தலைவலித்தால் தைலம். நெஞ்சுக்குக் கீழே வலித்தால் கேஸ் என்று சோடா. ஒலிம்பிக் தங்கம் வென்ற ஓட்ட வீராங்கனை அலிசன் ஃபெலிக்ஸுக்கே 2018-இல் கால்கள் வீங்கின. கர்ப்பத்தில் வருவதுதானே என்று இருந்துவிட்டார். 32ஆவது வாரத்தில் வழக்கமான பரிசோதனைக்குப் போனபோதுதான் தீவிர பிரீஎக்லாம்ப்சியா என்று தெரிந்து, அவசரமாக அறுவைசிகிச்சை செய்து குழந்தையை எடுத்தார்கள். உலகத் தரமான பயிற்சியும் மருத்துவமும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவர் அவர்.

அண்டை மாநிலமான கர்நாடகத்தின் பெலகாவி, பாகல்கோட் பகுதிக் கிராமங்களில் பத்தாண்டுகளுக்கு முன் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஆஷா பணியாளர்களிடம் பிரஷர் கருவியும் ஒரு செல்பேசிச் செயலியும் கொடுத்து, வீட்டு வாசலிலேயே பிரீஎக்லாம்ப்சியாவைக் கண்டுபிடிப்பது திட்டம். தொடங்கும் முன் ஆய்வாளர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். ஊர்ப் பெண்களோடும் மாமியார்களோடும் உட்கார்ந்து பேசினார்கள். வலிப்புக்கும் பிரஷருக்கும் கன்னடத்தில் சொல் இருந்தது; கர்ப்பத்தில் வரும் இந்தக் குறிப்பிட்ட நோய்க்குப் பெயரே இல்லை. பிரஷர் ஏறுவது மன உளைச்சலால் என்பதுதான் பலரின் எண்ணம்.

தமிழிலும் நிலைமை இதுதான். 'டென்ஷன்ல பிரஷர் ஏறிடுச்சு' என்பது வீட்டுக்கு வீடு கேட்கும் வாசகம். பாடப்புத்தகத்தில் முன்சூல்வலிப்பு என்ற சொல் இருக்கிறது. அதைச் சொல்லி எந்தக் கர்ப்பிணியும் ஆட்டோ பிடித்ததில்லை. பெயர் இல்லாத நோயைப் பற்றி விழிப்புணர்வுச் சுவரொட்டி அச்சடிப்பது எப்படி? இந்தக் கேள்விக்கு ஆய்வகத்தில் விடை கிடைக்காது.

கேள்வியை எழுதுவது யார்?

பிரிட்டனில் 2004 முதல் ஜேம்ஸ் லிண்ட் கூட்டமைப்பு என்ற அமைப்பு இயங்குகிறது. நோயை அனுபவித்தவர்கள், குடும்பத்தினர், மருத்துவர்கள், செவிலியர்கள் ஆகியோரை ஒரே மேசையில் உட்கார வைத்து, அடுத்து எதை ஆராய வேண்டும் என்று வரிசைப்படுத்த வைப்பது இதன் வேலை. குறைப்பிரசவம் பற்றி அப்படித் தயாரான 15 கேள்விகள் 2014-இல் 'லான்செட்' இதழில் வெளியாயின. குறைப்பிரசவத்தை முன்கூட்டிக் கணிப்பதும் தடுப்பதும் எப்படி என்பது அவற்றில் ஒன்று. அதை எந்த மருத்துவரும் கேட்டிருப்பார். குறைமாதக் குழந்தையை வீட்டுக்கு அனுப்பும்போது பெற்றோருக்கு என்னென்ன உதவி தர வேண்டும் என்ற கேள்வியும் அதே பட்டியலில் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே வாரக்கணக்கில் நின்றவர்களுக்குத்தான் அந்தக் கேள்வி எழும்.

அளவுகோலிலும் இதே சிக்கல். பிரீஎக்லாம்ப்சியா சிகிச்சை பற்றிய பழைய ஆய்வுகளை எடுத்துப் பார்த்தபோது, நூற்றுக்கும் மேற்பட்ட வெவ்வேறு விளைவுகளை ஆளுக்கொன்றாக அளந்திருந்தார்கள். ஒன்றை இன்னொன்றோடு சேர்த்துப் பார்க்கவே முடியாது. எவற்றைக் கட்டாயம் அளக்க வேண்டும் என்ற பொதுப் பட்டியல் 2020-இல் வந்தது. அதை முடிவு செய்தவர்களில் மருத்துவர்களோடு, இந்த நோய் வந்து மீண்ட பெண்களும் இருந்தார்கள்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றியும் பேசிவிடலாம். மேலை நாடுகளில் இதை 'நோயாளி பங்கேற்பு' என்கிறார்கள். தமிழில் கர்ப்பிணியை யாரும் நோயாளி என்று சொல்வதில்லை. பிள்ளைத்தாய்ச்சி, வாயும் வயிறுமாக இருப்பவள் என்போம். ஓபி சீட்டு கையில் வந்ததும் அவரும் நோயாளி ஆகிவிடுகிறார். உடம்பைப் பற்றித் தெரிந்தவர் என்ற இடம் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறது.

'ஆபத்து உண்டு' என்றால் என்ன அர்த்தம்?

பிரீஎக்லாம்ப்சியாவை முன்கூட்டியே கணித்துத் தடுக்கும் முயற்சியில் 2017-இல் வெளியான ஆஸ்ப்ரே ஆய்வு பெரிய வெற்றி. 11 முதல் 14 வாரத்துக்குள் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், பிரஷர் மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டு ஆபத்து அதிகமுள்ளவர்களைப் பிரித்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்குத் தினமும் இரவில் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின். மாத்திரை சாப்பிட்டவர்களில் 1.6 சதவீதம் பேருக்கே 37 வாரத்துக்கு முன் பிரீஎக்லாம்ப்சியா வந்தது, மற்றவர்களில் 4.3 சதவீதம்.

இந்த எண்களைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பரிசோதித்தவர்களில் பத்தில் ஒருவரை 'ஆபத்து உண்டு' என்று பிரிக்கிறது இந்த முறை. அப்படிப் பிரிக்கப்பட்டு, ஆஸ்பிரின் சாப்பிடாதவர்களிலும் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் அந்தக் காலத்துக்குள் நோய் வரவில்லை. மருத்துவருக்கு இது சாதாரணக் கணக்கு. மூன்றாவது மாதத்தில் அந்தச் சீட்டோடு பேருந்தில் ஏறும் பெண்ணுக்கு அப்படியா? சீட்டை வீட்டில் யார் பிரித்துப் படிப்பார்கள்? வேலைக்குப் போவதை நிறுத்தச் சொல்வார்களா? பெண் வீட்டைக் குறை சொல்வார்களா? பரிசோதனையை எப்படிச் சொல்வது என்பதும் பரிசோதனையில் ஒரு பாதி. அந்தப் பாதியை வடிவமைக்கத் தகுதியானவர்கள், அப்படியொரு சீட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள்தான்.

பலிக்காத முயற்சிகள்

பெண்களிடம் பொறுப்பைக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவும் முடியாது. இங்கிலாந்தில் ஆபத்து அதிகமுள்ள 2,441 கர்ப்பிணிகளைக் கொண்ட 'பம்ப்' ஆய்வில் ஒரு பாதியினர் வீட்டிலேயே பிரஷர் பார்த்துக்கொண்டார்கள். 2022-இல் முடிவு வந்தது: அதனால் மருத்துவமனையில் நோய் முன்னதாகவே கண்டறியப்பட்டுவிடவில்லை. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களை உள்ளடக்கிய 'அஃபர்ம்' ஆய்வு, வயிற்றில் குழந்தையின் அசைவு குறைந்தால் உடனே வரும்படி பெண்களுக்குச் சொல்லி, வந்தவர்களுக்கு ஒரே சீரான பரிசோதனை செய்தது. வயிற்றிலேயே இறந்து பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை ஆயிரத்துக்கு 4.40-இலிருந்து 4.06 ஆனது; தற்செயலாகவும் வந்திருக்கக்கூடிய வித்தியாசம் என்று ஆய்வாளர்களே ஒப்புக்கொண்டார்கள். அறுவைசிகிச்சைகள் கூடின. கர்நாடகச் செயலி ஆய்வும் ஒட்டுமொத்தக் கணக்கில் உயிரிழப்பைக் குறைக்கவில்லை. அடிக்கடி வீட்டுக்குப் போய்ப் பார்க்கப்பட்ட பெண்களிடம் மட்டும் நல்ல மாற்றம் தெரிந்தது.

'புள்ள நேத்துலேர்ந்து அசையவே இல்ல' என்று ஒரு பெண் சொல்வது உலகின் மிகப் பழைய முன்னறிவிப்பு. அவர் சொல்வது அரைப் பங்கு வேலை. வாசலில் இருப்பவர் அதைக் கேட்டு என்ன செய்கிறார் என்பது மீதிப் பங்கு. அந்த மீதிப் பங்கு எங்கே தடுக்கி நிற்கிறது என்பது, ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்து திரும்பி வந்தவர்களுக்குத் தெரியும். பலிக்காத ஆய்வுகளைப் பற்றி அவர்களிடம்தான் முதலில் பேச வேண்டும்.

சாப்பிட்டுவிட்டே வரலாம்

நம் ஊரிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. கர்ப்பகால நீரிழிவைக் கண்டறிய மேலை நாடுகளில் வெறும் வயிற்றில் வரச் சொல்லி, பல முறை ரத்தம் எடுப்பார்கள். சென்னையைச் சேர்ந்த நீரிழிவு மருத்துவர் வி.சேஷய்யாவும் உடன் பணியாற்றியவர்களும் அதை மாற்றினார்கள். சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை, 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்க வைத்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம். 140-ஐத் தொட்டால் சர்க்கரை. தொலைவிலிருந்து வரும் கர்ப்பிணியை வெறும் வயிற்றோடு இன்னொரு நாள் வரச் சொன்னால் அவர் திரும்ப வரமாட்டார் என்பதுதான் இதற்கு அவர்கள் சொன்ன காரணம். 2007-இல் தமிழ்நாடு இந்தப் பரிசோதனையை எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் கொண்டுவந்தது. பின்னர் மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறையிலும் இடம்பெற்றது.

வெறும் வயிற்றில் செய்யும் முறையைவிட இது சிலரைத் தவறவிடும் என்ற விமர்சனம் உண்டு, நியாயமான விமர்சனம்தான். ஆனாலும் வருகிற எல்லோருக்கும் செய்ய முடிகிற சோதனையையும், வந்த சிலருக்கு மட்டும் செய்ய முடிகிற துல்லியமான சோதனையையும் எடைபோடும்போது, கர்ப்பிணியின் பேருந்து நேரமும் தராசில் ஏறியது. இங்கே அதை மருத்துவர்களே ஊகித்துக்கொண்டார்கள். அடுத்த முறை கேட்டே தெரிந்துகொள்ளலாம்.

கேட்பதற்கான களமும் இருக்கிறது. ஹரியாணாவின் குருகிராம் அரசு மருத்துவமனையில் 2015 முதல் 'கர்ப்-இனி' திட்டத்தில் ஆயிரக்கணக்கான கர்ப்பிணிகள் பின்தொடரப்படுகிறார்கள்; குறைப்பிரசவத்தை முன்பே கணிப்பது நோக்கம். அந்தத் தரவைக் கொண்டு ஃபரீதாபாத் ஆய்வு நிறுவனமும் சென்னை ஐஐடியும் கருவின் வயதைக் கணக்கிடும் இந்தியச் சூத்திரத்தை 2024-இல் அறிவித்தன. மேலை நாட்டுப் பெண்களை வைத்து உருவான பழைய சூத்திரம் ஏழு நாள் வரை பிசகக்கூடும். இது அரை நாளுக்குள் நிற்கும் என்றார்கள். கரு எத்தனை வாரம் என்று சரியாகத் தெரியாமல் குறைப்பிரசவமா, நிறைப்பிரசவமா என்று பிரிக்கவே முடியாது. அத்தனை ஆயிரம் பெண்கள் வாரி வழங்கிய தரவு இது. அடுத்த கட்டக் கேள்விகளை எழுதும் இடத்தில் அவர்களில் பத்துப் பேரையாவது உட்கார வைப்பது பெரிய செலவில்லை.

எங்கிருந்து தொடங்கலாம்?

முதலில் பணம் கொடுக்குமிடம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் போன்ற நிதி வழங்கும் அமைப்புகள் விண்ணப்பப் படிவத்தில் ஒரு பக்கம் சேர்க்கலாம்: திட்டமிடும்போது எந்தத் தாய்மார்களிடம் பேசினீர்கள், அவர்கள் சொன்னதால் எதை மாற்றினீர்கள்? இரண்டாவது கேள்விதான் முக்கியம். அது இல்லாவிட்டால் முதல் கேள்விக்குப் புகைப்படத்தோடு பதில் வந்துவிடும்.

2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி நெறிமுறைக் குழுவில் மருத்துவம் சாராத சாமானியர் ஒருவரும், பெண் உறுப்பினர் ஒருவரும் கட்டாயம் இருக்க வேண்டும். கர்ப்பகால ஆய்வுகளைப் பரிசீலிக்கும்போதாவது, சிக்கலான பிரசவத்தைக் கடந்து வந்த ஒருவரை அந்தச் சாமானியர் நாற்காலியில் அமர்த்தலாம். சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை.

யோசனை கேட்கத் தனிக் கூட்டரங்கம் வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகள் கூடும் பரிசோதனை நாளும், அங்கன்வாடிகள் நடத்தும் சமுதாய வளைகாப்பும் இருக்கின்றன. வளையல் போட்டு ஐந்து வகைச் சாதம் பரிமாறிய பிறகு அரை மணி நேரம் பேசலாம். ஆனால் மேடையில் அதிகாரிகள் இருக்கக் கூடாது. கிராம சுகாதார செவிலியர் போதும். அரசு மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நாள்கணக்கில் பாய் விரித்திருக்கும் தாய்மார்களும் பாட்டிகளும் இதைவிட அதிகம் சொல்வார்கள்.

வந்து போகும் செலவையும் இழந்த கூலியையும் தர மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் அனுமதிக்கின்றன. ரசீது கேட்டு அலையவிடாமல் அன்றே கையில் கொடுக்க வேண்டும். ஒப்புதல் படிவத்தை அச்சுக்கு அனுப்பும் முன், எட்டாம் வகுப்பு வரை படித்த ஒரு பெண்ணிடம் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்ல வேண்டும். அவர் தடுமாறும் இடமெல்லாம் திருத்த வேண்டிய இடம்.

மரணத் தணிக்கையைப் போலவே, சாவின் விளிம்பிலிருந்து மீண்ட தாய்மார்களைப் பற்றி ஆராயவும் 2014 முதல் தேசிய வழிகாட்டு நெறிமுறை உண்டு. இங்கே உறவினர்களைக் கேட்க வேண்டியதில்லை. அந்தப் பெண்ணே பேசுவார். முதலில் என்ன தோன்றியது, யாரிடம் சொன்னார், அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்பதை அவருடைய சொற்களிலேயே பதிந்து, பெயர் நீக்கி, மருத்துவக் கல்லூரிகளின் ஆய்வுக்குத் திறந்துவிடலாம். பிரீஎக்லாம்ப்சியாவுக்கு மக்கள் வாயில் புழங்கும் ஒரு பெயரும் அங்கிருந்தே கிடைக்கக்கூடும்.

கடைசியாக, முடிவைத் திருப்பிச் சொல்வது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பிக்மி என்ற கர்ப்பப் பதிவு எண் இருக்கிறது. அதோடு செல்பேசி எண்ணும் பதிவாகிறது. ஆய்வுக்கு ரத்தம் கொடுத்த பெண்ணின் குழந்தை பள்ளிக்குப் போகும் வயதில்தான் அந்த ஆய்வு முடியும் என்றாலும், 'நீங்கள் கொடுத்த ரத்தத்திலிருந்து இது தெரியவந்தது' என்று ஒரு நிமிடக் குரல் செய்தி அனுப்ப அந்த எண் போதும்.